சங்கரலிங்கம் ஐயாவின் நோ பரேட்

முதல் நாள்

முதல் நாள் நான் ஊதி யாரும் எழுந்திருக்கவில்லை. திண்டுக்கல் ஆயுதப்படை மைதானத்தில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், சரியாக வெளுக்காத விடியலில் நின்று பியூகிளை உதட்டில் வைத்தேன். இருந்த மூச்சையெல்லாம் உள்ளே விட்டேன். மறுமுனையில் வெறும் காற்றுதான் வந்தது. காவலர்கள் தங்கும் லைனில் ஒரு விளக்குகூட எரியவில்லை. கம்பத்தடியில் படுத்திருந்த நாய் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டது.

மாதா கோவில் பாண்டு செட்டில் ட்ரம்பெட் வாசித்தவன் என்பதால்தான் என்னைப் பியூகிளர் ஆக்கியிருந்தார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆனால் ட்ரம்பெட்டில் மூன்று பொத்தான் இருக்கிறது, பாதி வேலையை விரல் பார்த்துவிடும். பியூகிளில் பொத்தானே கிடையாது. வளைத்த பித்தளைக் குழாய், அதன் முனையில் வாய் வைக்க ஒரு மவுத் பீஸ், அவ்வளவுதான். வருகிற நாலைந்து சுரத்தையும் உதடுதான் பிரித்துக் கொடுக்க வேண்டும். குளிர் நாளில் உதடும் விறைத்துப்போகும், மவுத் பீஸும் சில்லிட்டுவிடும். ஊதுவதற்கு முன் அதைக் கைக்குள் பொத்திச் சூடாக்க வேண்டும் என்பதுகூட அன்று எனக்குத் தெரியாது.

"காத்துப் போகுது, சத்தத்தக் காணோம். உதட்ட இறுக்குலே. வயித்துலருந்து ஊது."

திரும்பிப் பார்த்தால் ஆர்.ஐ. சங்கரலிங்கம் ஐயா நிற்கிறார். ரிசர்வ் இன்ஸ்பெக்டர். எங்கள் மைதானத்துக்கு அவர் வைத்ததுதான் சட்டம். எல்லோரையும் எழுப்ப வேண்டிய நான் போய்ச் சேர்வதற்கு முன்பே, பட்டை பெல்ட், பளபளக்கும் பூட்ஸ் என்று முழு யூனிஃபார்மில் வந்துவிட்டிருந்தார். அந்த மனிதர் எப்போது தூங்குவார், எப்போது எழுவார் என்பது கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை.

என் பெயர் சூசை. அவர் அந்தப் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. அன்று தொடங்கி நான் அவருக்கு "பியூகிளு"தான்.

கனவுக்குள் போகிற வேலை

பழகிய பிறகு, அதைப்போல ஒரு வேலை கிடையாது என்று தோன்றியது. ஊர் தூங்குகிறது. சிறுமலை ஒரு கறுத்த மேகம்போலக் கிழக்கே கிடக்கிறது. மைதானத்துப் புல்லில் பனி. அத்தனை பேர் தூங்கும் இடத்தில் நான் ஒருவன் மட்டும் விழித்திருக்கிறேன். என் மூச்சு குழாய்க்குள் சுற்றி, அதன் அகன்ற வாய் வழியாக வெளியேறி, ஒவ்வொருவர் தூக்கத்துக்குள்ளும் போகிறது. அவர்கள் கண் திறப்பதற்கு முன் கனவுக்குள் கேட்கிற கடைசிச் சத்தம் அதுதான்.

லைனில் பையன்கள் சொல்வார்கள். ஒருவனுக்கு அது பழனி பஸ் ஸ்டாண்டில் கிளம்பப் போகும் பஸ்ஸின் ஹாரனாகக் கேட்குமாம். கனவிலேயே ஓடி ஏறுவானாம். இன்னொருவனுக்கு யானை பிளிறும். புதிதாகக் கல்யாணம் ஆனவன் ஒருவன், தன் கல்யாண ஊர்வலம் வருவதாக நினைத்துச் சிரித்துக்கொண்டே எழுந்து, என்னைப் பார்த்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். எனக்கு அவன்மேல் பாவமாக இருந்தது.

பொழுது முழுவதும் பியூகிள் பேசிக்கொண்டே இருக்கும். எழுப்ப ஒன்று, வரிசையில் நிற்க ஃபால் இன், சாப்பாட்டுக்குக் குக் ஹவுஸ், கலைந்துபோக டிஸ்மிஸ், கொடி இறக்கும்போது ரிட்ரீட், பணியில் இறந்தவருக்கு லாஸ்ட் போஸ்ட். ஒவ்வொன்றுக்கும் பையன்கள் தமிழில் வார்த்தை கட்டி வைத்திருந்தார்கள். குக் ஹவுஸ் ஊதினால் "வாடா சாம்பார் ரெடி, வாடா சாம்பார் ரெடி" என்று பாடுவார்கள். குவார்ட்டர்ஸ் குழந்தைகளும் அதைப் பாடிக்கொண்டே பள்ளிக்கூடம் போவார்கள். ஃபால் இன்னுக்கு "பெல்ட்டு எங்கடா, பூட்டு எங்கடா". அதன் அவசரத்தை அதைவிட நன்றாக யாராலும் சொல்ல முடியாது.

ஒரே ஒரு ஊதலுக்கு மட்டும் பாட்டு இருந்தும் பாட வாய்ப்பு வரவில்லை. அதுதான் நோ பரேட்.

உண்டு

கொட்டும் மழையாக இருந்தால் அன்று காலை பரேட் கிடையாது என்று அறிவிக்கிற ஊதல் அது. பையன்கள் அதற்கு "போய்ப் படு, போய்ப் படு" என்று பாட்டுக் கட்டியிருந்தார்கள். போர்வைக்குள் இருந்தபடியே அதைக் கேட்பதில் இருக்கும் சுகத்தைப் பற்றி, வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். எங்களுக்கு அது வெறும் கேள்விப்பட்ட சமாச்சாரம்.

பியூகிளர் தன் இஷ்டத்துக்கு அதை ஊத முடியாது. மழை பிடித்தால் ஆர்.ஐ. முன்னால் ஓடிப்போய் சல்யூட் வைத்து, "ஐயா, பரேட் உண்டா?" என்று கேட்க வேண்டும். அவர் சொன்னால்தான் ஊதலாம்.

நான் ஒவ்வொரு மழைக்கும் ஓடினேன். ஒவ்வொரு தடவையும் அவர் வானத்தைக்கூடப் பார்க்காமல், "உண்டு" என்றார். ஐப்பசி அடைமழையில் மைதானம் குளமாகக் கிடந்தபோதும் அதே பதில். ஒரு முறை நான் முகத்தைச் சுளித்திருப்பேன் போல.

"என்னலே மூஞ்சி? மழ பெய்யுதுன்னு கலவரம் நிக்குமா?"

பையன்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் வெறுக்க முடியவில்லை. அவரும் ரெயின் கோட் போடாமல்தான் நிற்பார். டிஸ்மிஸ் ஊதிய பிறகு, கடைசி ஆள் லைனுக்குள் நுழைகிறவரை மைதானத்தைவிட்டு நகர மாட்டார். மெஸ்ஸிலும் அப்படித்தான். கடைசிப் பையன் தட்டைக் கழுவி வைத்த பிறகுதான் அவருக்குச் சோறு. எத்தனையோ நாள் அவருக்கு வெஞ்சனம் மிஞ்சாமல் வெறும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறார்.

அவர் ஓய்வு பெற்றார். அதன் பிறகு பல ஆர்.ஐ.க்கள் வந்தார்கள், போனார்கள். நானும் ஓய்வு பெற்றேன். பியூகிளை ஸ்டோரில் ஒப்படைத்தேன். மவுத் பீஸ் மட்டும் என் சொந்தக் காசில் வாங்கியது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மாவின் போன்

போன வருஷம் ஒரு நாள் அவருடைய வீட்டம்மா ராஜம்மாள் போனில் கூப்பிட்டார்கள். ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில், தென்னந்தோப்புக்கு நடுவே வீடு கட்டி இருவரும் இருந்தார்கள். மகன் கோயம்புத்தூரில்.

"தம்பி, அவருக்கு மறதி வந்துருச்சு. மகன் பேரு தெரியல. என்னைய யாரும்மா நீ, குவார்ட்டர்ஸ்ல எந்த வீடுன்னு கேக்குறாரு. அதக்கூடத் தாங்கிக்கிருவேன். விடியுமுன்னே எந்திரிச்சுத் தோப்புக்குள்ள போயி நின்னுக்கிறாரு. உச்சி வெயில் வரைக்கும் உள்ள வர மாட்டேங்குறாரு. போன வாரம் மயங்கி விழுந்துட்டாரு. இன்னொரு தடவ விழுந்தா எலும்பு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

மகன் ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். அப்பாவைக் கோயம்புத்தூரில் ஒரு இல்லத்தில் சேர்ப்பது, இல்லாவிட்டால் காலையில் அறைக்குள் வைத்துப் பூட்டுவது. இரண்டில் ஒன்று என்று சொல்லிவிட்டார். மகனைக் குறை சொல்லவும் முடியாது. பெற்ற தகப்பன் விழுந்து படுத்திருந்ததை வந்து பார்த்தவர்.

"பூட்டி வைக்கிறதுக்கா தம்பி நான் இம்புட்டு காலம் அவரு கூட இருந்தேன்?" என்றார்கள் அம்மா. "அவரு பரேட்டுக்குத்தான் போறாரு. நீ வந்து டிஸ்மிஸ் ஊதுனா உள்ள வந்துருவாரோன்னு ஒரு நெனப்பு."

சொட்டு நீர்க் குழாய்

மறுநாள் வெள்ளிக்கிழமை, முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். சட்டைப் பையில் மவுத் பீஸ் இருந்தது. கையில் பியூகிள் இல்லை. இதைப் பஸ் ஏறிய பிறகுதான் யோசித்தேன். அத்தனை வருஷ சர்வீஸில் ஆயுதம் இல்லாமல் டூட்டிக்குப் போனது அன்றுதான்.

தோப்பில் தக்காளிக்குப் போட்டு மிஞ்சிய சொட்டு நீர்க் குழாய் சுருளாகக் கிடந்தது. மோட்டாருக்கு டீசல் ஊற்றும் புனலும் இருந்தது. குழாயில் துளை இல்லாத பக்கமாக ஒரு ஆள் உயரத்துக்கு நறுக்கி, ஒரு முனையில் மவுத் பீஸையும் மறுமுனையில் புனலையும் வைத்து, இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினேன். முதலில் ஊதியபோது கன்றைக் காணாத மாடு கத்துவதுபோல இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி நறுக்கிச் சுரத்தைப் பிடித்தேன். பித்தளையின் மினுக்கம் அதில் இல்லை. ஆனால் பேசியது. டீசல் வாசம்தான் குமட்டியது.

"சத்தம் அதேதான் தம்பி," என்றார்கள் அம்மா. அதற்குள் அவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது.

தோப்புக்குள் ஐயா நின்றுகொண்டிருந்தார். வேட்டி, முண்டா பனியன், காலில் செருப்பில்லை. ஆனால் முதுகு அதே முதுகு. முன்னால் தென்னை மரங்கள் வரிசை வரிசையாக. கயிறு பிடித்து நட்ட மரங்கள். மூடுபனியில் அடிமரம் மட்டும் தெரிந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே அது ஒரு பிளட்டூனாகத்தான் தெரிந்தது. நானும் செத்த நேரம் அட்டென்ஷனில் நின்றுவிட்டேன்.

கலையாத வரிசை

டிஸ்மிஸ் ஊதினேன். ஐயா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"ஏலே பியூகிளு. வந்துட்டியா?"

மகன் பெயர் நினைவில்லாதவருக்கு நான் நினைவிருந்தேன். இனி உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் நகரவே இல்லை. மரங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறியது. கடைசியில் கோபமாகத் திரும்பினார்.

"என்னலே ஊதுன? ஒருத்தன்கூடக் கலையல. திரும்ப ஊது."

திரும்ப ஊதினேன். அதற்குப் பிறகும் ஊதினேன். தென்னை மரம் எங்கே கலையப் போகிறது? அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. நான் பியூகிளர். டிஸ்மிஸ் என்றால் எனக்குக் கிளம்பு என்று அர்த்தம். அவருக்கு அது, கடைசி ஆள் போகிறவரைக்கும் நில் என்று அர்த்தம். அவரை உள்ளே அனுப்ப நினைத்து, இன்னும் ஆழமாக நட்டுவிட்டேன்.

சரி, பசிக்காவது இறங்கி வருவார் என்று குக் ஹவுஸ் ஊதினேன். அம்மா வாசலில் இட்லியோடு நின்றார்கள். அவர் மரங்களுக்கு நடுவே நடந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தபடி, "சாப்டியாப்பா? நீ சாப்டியா?" என்று கேட்டுக்கொண்டே போனார். மரங்கள் பதில் சொல்லவில்லை. அவர் சாப்பிடவும் இல்லை. அன்று உச்சி வெயிலில் கால் துவண்ட பிறகுதான், நானும் தோப்பில் வேலை பார்க்கிற ஆளும் அவரைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுவந்தோம். அவ்வளவு கனமாக இருந்த மனிதர் இப்போது ஒரு கட்டுப் பூவாக இருந்தார்.

"ஞாயித்துக்கெழம அவன் வந்துருவான்," என்றார்கள் அம்மா. நான் அன்று அங்கேயே தங்கினேன்.

மழை

சனிக்கிழமை விடியும்போது சிறுமலைப் பக்கமிருந்து மேகம் இறங்கி வந்தது. தூறலாக ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் வலுத்துப் பெய்தது. தென்னை ஓலைகளில் மழை விழும் சத்தம் தூக்கத்துக்குள் கேட்பதுபோலவே இருந்தது. ஐயா வழக்கம்போல வரிசைக்கு முன்னால் நின்றார். பனியன் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. சேற்றில் ஓடிப்போய், குதிகாலைச் சேர்த்து சல்யூட் வைத்தேன்.

"ஐயா, பரேட் உண்டா?"

"உண்டு."

வானத்தைப் பார்க்கவில்லை. அதே குரல். அத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதே எரிச்சல் எனக்குள் வந்தது. கூடவே, அட, இந்த மனிதர் இன்னும் மாறவில்லையே என்று ஒரு சந்தோஷமும் வந்தது. குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றேன். இனி என்னிடம் ஊதுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

அப்போது அம்மா வீட்டுக்குள்ளிருந்து இறங்கி வந்தார்கள். குடை இல்லை. தலையில் முந்தானையைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. நேரே தோப்புக்குள் நடந்து, முதல் வரிசையில் இரண்டு மரங்களுக்கு இடையில் இருந்த வெற்றிடத்தில் போய் நின்றார்கள். கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டார்கள். இருபது வருஷத்துக்குமேல் குவார்ட்டர்ஸ் ஜன்னலிலிருந்து பரேட்டைப் பார்த்தவர்கள். எப்படி நிற்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஐயா இன்ஸ்பெக்ஷனுக்குக் கிளம்பினார். மரம் மரமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அம்மாவின் முன்னால் வந்ததும் நின்றார். வெகு நேரம் பார்த்தார். அவர்கள் நெற்றியிலிருந்து குங்குமம் கரைந்து மூக்குமேல் வழிந்தது.

"தல நனையுதே," என்றார்.

"ஆமாங்கய்யா," என்றார்கள் அம்மா. நேராகப் பார்த்தபடி, முகம் அசையாமல். "குளுருதுங்கய்யா."

ஐயா மெதுவாக அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். மழை என்று ஒன்று பெய்கிறது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்ததுபோல, கண்ணை மூடாமல் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏலே பியூகிளு."

"ஐயா."

"நோ பரேட்."

என் சர்வீஸில் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. மவுத் பீஸை ஒரு நொடி கைக்குள் பொத்திக்கொண்டு, பிறகு ஊதினேன். போய்ப் படு, போய்ப் படு. பிளாஸ்டிக் குழாய்க்குள்ளிருந்து அது மழையோடு கலந்து தோப்பு முழுக்கப் போனது. அதைவிட நன்றாக நான் பித்தளையில் ஊதியதில்லை.

அவர் காத்திருக்கவில்லை. திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தார். ஏன் என்று பிறகு யோசித்துப் புரிந்துகொண்டேன். டிஸ்மிஸ் என்றால் ஆட்கள் மைதானத்தில் நிற்கிறார்கள், அவர்கள் போகிறவரை அதிகாரி நிற்க வேண்டும். நோ பரேட் என்றால் மைதானத்துக்கு யாரும் வரவே இல்லை. அவை மறுபடியும் வெறும் தென்னை மரங்கள். காத்து நிற்க ஆளே கிடையாது.

படியில் கால் வைக்கும் முன் நின்று, அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "நீயும் வாம்மா, காப்பி குடி," என்றார்.

காப்பி குடித்தார். இட்லி சாப்பிட்டார். போர்வையை இழுத்துவிட்டதும் தூங்கிப்போனார். அம்மா ஈரத் தலையைத் துவட்டாமல் அடுப்படியில் உட்கார்ந்து அழுதார்கள்.

"ஒனக்குத் தெரியாது தம்பி. குவார்ட்டர்ஸ்ல இருந்தப்ப, மழ பேஞ்ச ஒவ்வொரு காலையிலயும் கண்ண மூடிக்கிட்டுக் காதத் தீட்டி வச்சுக்கிட்டுக் கெடப்பேன். இன்னைக்காச்சும் அந்தச் சத்தம் வராதா, மனுசன் வீட்டுல இருந்து ஒரு காப்பி குடிக்க மாட்டாரான்னு. ஒரு நாகூட வரல. இன்னைக்கு வந்துருச்சு."

புது பியூகிளர்

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தார். அன்று காலை மழை இல்லை. வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. மழை இல்லாமல் நோ பரேட் எப்படி வரும் என்று நான் பதறினேன். அம்மா மட்டும் பதறவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு போய் வரிசையில் நின்றார்கள். ஐயா வந்தார், நின்றார், "தல நனையுதே" என்றார். மற்றதும் அப்படியே நடந்தது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மகன் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அரை மணி கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, "அப்பா இங்கயே இருக்கட்டும்மா," என்றார்.

தினமும் நான் எப்படிப் போக முடியும்? என்னை விட்டால் ஆள் இல்லை, என் உதடு இல்லாமல் அந்த வீட்டில் காரியம் நடக்காது என்று எனக்கு ஒரு கவலை. கவலை என்றா சொன்னேன்? பெருமைதான். பத்து நாள் காய்ச்சலில் படுத்து எழுந்து, முதல் பஸ்ஸில் அடித்துப்பிடித்துப் போனேன். தோப்பு வேலியை நெருங்கும்போதே ஒரு சத்தம் கேட்டது. பஸ் டயரில் காற்றுப் போவதுபோல, புர்ர் என்று.

அம்மா வரிசையில் நின்றபடியே, நான் விட்டுவந்த குழாயை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார்கள். கன்னம் உப்பியிருந்தது. சுரம் என்று ஒன்றும் வரவில்லை. முக்கால்வாசி காற்றுதான். ஐயா எதிரில் நின்று, தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார்.

"புதுசா?" என்றார்.

"ஆமாங்கய்யா."

"பரவால்ல. உதட்ட இறுக்கும்மா. பழகிரும்."

சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். என்னிடம் அவர் ஒரு நாளும் "பரவால்ல" என்று சொன்னதில்லை. இந்த வயதில் எனக்குப் பொறாமை வந்தது என்றால் சிரிப்பீர்கள். வந்தது.

இப்போது மைதானத்தில் பியூகிள் எடுக்கும் பையன்களும் பெண்களும் என்னைப் பார்த்தால் உதட்டுக்கு என்ன தடவலாம், மூச்சை எப்படிப் பிடித்து ஊதலாம் என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். வெண்ணெய் தடவு, முறுக்குக் கடிக்காதே, மவுத் பீஸைச் சூடாக்கு. அதெல்லாம் சத்தத்துக்கு. அதற்கு மேல் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். ஊதுவதற்கு முன், கேட்கிறவர் எங்கே நிற்கிறார் என்று பார். அம்மா போய் அங்கே நின்றார்கள். நான் தள்ளி நின்று நன்றாக ஊதிக்கொண்டிருந்தேன்.

என் மவுத் பீஸ் அந்த வீட்டில்தான் இருக்கிறது. திருப்பிக் கேட்கவில்லை.